குழந்தைகளின் மையச் சிரைக் குழாய்: சிக்கல்களுக்குக் காரணம் எது?

குடலின் பெரும்பகுதியை அறுவையில் இழந்த குழந்தைக்கு உணவு வாய் வழியாக மட்டும் போதாது. இரவு முழுக்க ஒரு குழாய் வழியாக ஊட்டம் ரத்தத்துக்குள் சொட்டுகிறது. ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் மருந்தேற்ற வேண்டிய குழந்தைக்கும், எலும்பு மஜ்ஜை மாற்றுக்குக் காத்திருக்கும் தலசீமியாக் குழந்தைக்கும் அதே போன்ற குழாய்தான் ஆதாரம். கழுத்து அல்லது மார்புச் சிரை வழியாக நுழைந்து, மேற்பெருஞ்சிரை இதயத்தைச் சேரும் இடத்தில் அதன் முனை நிற்கும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

அது இல்லாமல் சிகிச்சை நடக்காது. அது இருப்பதாலேயே ரத்தத் தொற்று வருகிறது, சிரைக்குள் உறைகட்டி உருவாகிறது, குழாய் அடைக்கிறது, நழுவுகிறது, உடைகிறது. இந்தச் சிக்கல்களுக்குக் காரணம் எது? குழாய் செய்யப்பட்ட பொருளா, அதைப் பொருத்திய கையா, அன்றாடம் திறந்து மூடும் கையா, குழந்தையின் நோயா? ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு பதிலும் உண்மையின் ஒரு பகுதியைப் பிடித்தது. ஒவ்வொன்றும் எதையோ கணக்கில் விட்டது. பெரும்பாலான பதில்கள் சேர்ந்து விட்டுவிட்ட ஒன்று உண்டு. அது குழந்தையின் சிரை.

குழாய் வந்த வழி

1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தன் கைச் சிரை வழியாகத் தானே ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், முனை இதயத்தை எட்டியதைப் படமெடுத்துக் காட்டினார். அன்று கிடைத்தது கண்டனம். 1956-இல் கிடைத்தது நோபல் பரிசு. 1952-இல் பிரான்ஸின் ஓபனியாக் காறை எலும்புக்குக் கீழுள்ள சிரையை எட்டும் வழியைச் சொன்னார். அடுத்த ஆண்டு ஸ்வீடனின் செல்டிங்கர், ஊசி வழியாக முதலில் கம்பியையும் கம்பியின் மேல் குழாயையும் நுழைக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுவே நடைமுறை.

குழந்தைகளுக்கான வரலாறு 1968-இல் பிலடெல்பியாவில் தொடங்குகிறது. சிறுகுடல் ஏறக்குறைய இல்லாமலே பிறந்த ஒரு குழந்தையை, முழு ஊட்டத்தையும் சிரை வழியாகவே கொடுத்து வளர வைக்க முடியும் என்று வில்மோரும் டட்ரிக்கும் காட்டினார்கள். அதற்கு முன் இத்தகைய குழந்தைகளுக்கு வழியே இருக்கவில்லை. அந்த வெற்றியோடு புதிய தேவையும் பிறந்தது: சில நாட்களுக்கு அல்ல, பல மாதங்களுக்கு நிலைக்கும் குழாய் வேண்டும்.

1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ப்ரோவியாக்கும் தோழர்களும் சிலிகான் குழாயைக் கொண்டுவந்தார்கள். தோலுக்கு அடியில் சிறிது தூரம் சுரங்கம்போல் ஓடி, பிறகே சிரைக்குள் நுழையும் குழாய் அது. சுரங்கத்துக்குள் இருக்கும் பகுதியில் டேக்ரான் இழையாலான ஒரு பட்டை உண்டு. சில வாரங்களில் திசு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். குழாய் எளிதில் நழுவாது, தோலின் கிருமிகள் குழாயை ஒட்டி உள்ளே ஏறுவதும் தடைபடும். மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்காக 1979-இல் ஹிக்மன் இதே குழாயைப் பருமனாக்கினார். 1982-இல் நீடர்ஹூபர் குழு முழுவதும் தோலுக்கு அடியிலேயே புதைந்திருக்கும் போர்ட்டை அறிமுகப்படுத்தியது. நம் மருத்துவமனைகளில் பெற்றோர் 'கீமோபோர்ட்' என்று சொல்வது இதைத்தான். கை மடிப்பருகே நுழைந்து நீண்டு செல்லும் 'பிக் லைன்' பிறகு பரவலானது.

ஒவ்வொரு புதிய வடிவமும் முந்தையதன் ஒரு குறையைத் தீர்க்க வந்தது. குறை பொருளில்தான் இருக்கிறது, நல்ல பொருள் வந்தால் சிக்கல் தீரும் என்பதே முதல் தலைமுறையின் நம்பிக்கை. சிலிகான் பழைய பிளாஸ்டிக்கைவிடச் சிரைக்கு இதமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தொற்று நிற்கவில்லை.

கிருமி எந்த வழியாக வருகிறது?

தொற்றைப் பற்றிய விவாதம் மூன்று வாசல்களைச் சுற்றியே நடந்திருக்கிறது.

முதல் வாசல் தோல். அமெரிக்காவின் டென்னிஸ் மாக்கி 1977-இல் ஒரு சோதனையை முன்வைத்தார். எடுத்த குழாயின் முனையை வளர்ப்புத் தட்டின் மேல் உருட்டி, முளைக்கும் கிருமிக் கூட்டங்களை எண்ணும் முறை அது. குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டியிருப்பதையே அது பிடிக்கும். ஆகவே தோலிலிருந்து குழாயின் வெளிச்சுவர் வழியாகக் கிருமி இறங்குகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. சோதனை எதைப் பார்க்கிறதோ அதுவே காரணமாகத் தெரிவது மருத்துவத்தில் புதிதல்ல.

இரண்டாவது வாசல் குழாயின் வெளித்தலை, அதாவது சிரிஞ்சையும் சொட்டுநீர்க் குழாயையும் இணைக்கும் வாய். 1980-களில் பார்சிலோனாவின் சிட்ஜஸ்-செர்ரா குழு, நீண்டநாள் குழாய்களில் கிருமி இந்த வாய் வழியாக உட்புறத்தில்தான் நுழைகிறது என்று வாதிட்டது. 1993-இல் இசாம் ராட் குழு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது இரு தரப்பும் சமாதானமாக வழி கிடைத்தது. குறைந்த நாட்கள் இருந்த குழாய்களில் கிருமிப்படலம் பெரும்பாலும் வெளிச்சுவரிலும், ஒரு மாதத்துக்கு மேல் இருந்தவற்றில் பெரும்பாலும் உட்சுவரிலும் காணப்பட்டது.

இந்தக் கண்டுபிடிப்பின் விளைவு பெரியது. குழந்தைகளின் நீண்டநாள் குழாயில் ஆபத்து, பொருத்திய அறுவை அரங்கைவிட, பிறகு தினமும் அதைத் திறக்கும் வார்டில்தான் அதிகம் என்று ஆகிறது. பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்து 2006-இல் வெளியிட்ட புகழ்பெற்ற திட்டம், பெரும்பாலும் பொருத்தும் நேரத்துக்கான ஐந்து ஒழுங்குகளை வலியுறுத்தியது: கை கழுவுதல், முழுத் தடுப்புடை, குளோர்ஹெக்சிடின், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்தல். பெரியவர்களிடம் அது தொற்றை வியக்கத்தக்க அளவு குறைத்தது. அதே பட்டியலை அப்படியே குழந்தைகளுக்கு மாற்றினால் போதாது என்பது 2010-இல் தெரிந்தது. அமெரிக்காவின் 29 குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து செய்த முயற்சியில், ஆயிரம் குழாய்-நாளுக்கு 5.4 ஆக இருந்த தொற்று 3.1 ஆகக் குறைந்தது. அங்கே கூடுதல் எடை பெற்றது பராமரிப்பு ஒழுங்கு. குழாய் வாயைத் திறக்குமுன் எத்தனை நொடி தேய்ப்பது, ஒட்டுக்கட்டை எப்போது மாற்றுவது, சொட்டுநீர்க் குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதெல்லாம் அதில் அடங்கும்.

மூன்றாவது வாசலைக் கண்டுகொள்ள நாளாயிற்று. கீமோதெரபிக்குப் பின் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்து, வாய்ப்புண்ணும் குடற்புண்ணும் வந்த குழந்தையின் ரத்தத்தில் குடல் கிருமி வளர்ந்தால் அது குழாயின் குற்றமா? குழாய் இருந்தது, வேறு காரணம் தெரியவில்லை என்றால் அதைக் குழாய்த் தொற்று என்று எண்ணுவதே கண்காணிப்பு விதி. 2013-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சளிச்சவ்வுக் காயத்தால் வரும் ரத்தத் தொற்றுக்குத் தனி வகை ஒன்றை ஏற்படுத்தியது. புற்றுநோய்ப் பிரிவுகளின் எண்ணிக்கையில் ஒரு பகுதி அங்கே நகர்ந்தது. இதை எண்களை அழகாக்கும் உத்தி என்று குறை சொன்னவர்கள் உண்டு. எவ்வளவு துடைத்தாலும் குடல்வழி வரும் கிருமியைத் தடுக்க முடியாது என்பதால் இந்தப் பிரிப்பு நியாயமாகவே படுகிறது. ஆயினும் குழந்தைக்கு வந்த காய்ச்சல் எந்தப் பட்டியலில் சேர்ந்தாலும் காய்ச்சல்தான்.

குழந்தைகளிடம் இந்த மூன்றையும் பிரித்தறிவதே சிரமம். குழாயிலிருந்து எடுத்த ரத்தம், கைச் சிரையில் எடுத்த ரத்தத்தைவிட இரண்டு மணி நேரமாவது முன்பே கிருமி வளர்ச்சியைக் காட்டினால் மூலம் குழாய் என்று கருதலாம். ஆனால் கைச் சிரை கிடைக்காததால்தானே குழாய் வைத்தோம் என்ற நியாயத்தோடு, பல வார்டுகளில் கையிலிருந்து ரத்தம் எடுப்பதே இல்லை. எடுத்தாலும் அளவு போதாது. ஆகவே ஆய்வுகளில் 'குழாய்த் தொற்று' என்று எழுதப்பட்டிருப்பதில் கணிசமான பங்கு அனுமானம் என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டியிருக்கிறது.

எடுப்பதா, காப்பதா?

தொற்று உறுதியானதும் வரும் கேள்வி இது. அறுவை மருத்துவர்களின் பழைய நிலைப்பாடு எளிமையானது: கிருமி ஒட்டிய அந்நியப் பொருளை எடுத்துவிடு. அதற்கு உயிரியல் அடிப்படை உண்டு. குழாய்ச் சுவரில் கிருமிகள் தாமே சுரந்த பசைப் படலத்துக்குள் வாழ்கின்றன. ரத்தத்தில் மிதக்கும் கிருமியைக் கொல்லும் மருந்தளவு அங்கே எடுபடாது.

எதிர்நிலை ஊட்டக் குழாயை நம்பி வாழும் குழந்தைகளைப் பார்ப்பவர்களிடமிருந்து வந்தது. எடுப்பது எளிது; அடுத்ததை எங்கே வைப்பது? 1988-இல் பிரான்ஸின் மெஸிங் குழு, மிகச் செறிவான ஆன்டிபயாடிக் கரைசலைக் குழாய்க்குள் மட்டும் நிரப்பி, ரத்தத்தில் கலக்கவிடாமல் மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் 'லாக்' முறையை விவரித்தது. குழாயைக் காப்பாற்றலாம் என்ற வாதத்துக்கு அதிலிருந்து கால் முளைத்தது.

2009-இல் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், கேண்டிடா பூஞ்சை, சுரங்கப் பாதையில் சீழ், இதய வால்வுத் தொற்று, சரியான மருந்து கொடுத்தும் 72 மணி நேரத்துக்கு மேல் ரத்தத்தில் கிருமி நீடிப்பது ஆகியவற்றில் நீண்டநாள் குழாயையும் எடுக்கச் சொன்னது. தோலில் வழக்கமாக வாழும் கோவாகுலேஸ் இல்லாத ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவற்றில் லாக்கோடு சேர்த்துக் காக்க முயலலாம் என்றது.

கோடு தெளிவுதான், அது பெரும்பாலும் பெரியவர்களின் தரவுகளில் போடப்பட்டது. அதே கிருமிக்கு அதே மருத்துவமனையின் இரு பிரிவுகள் எதிரெதிர் முடிவெடுப்பதில் வியப்பில்லை. சிகிச்சையின் கடைசி மாதங்களில் இருக்கும் புற்றுநோய்க் குழந்தைக்கு எடுப்பதால் இழப்பு குறைவு. மேல் உடலின் நான்கு பெருஞ்சிரைகளில் இரண்டை ஏற்கெனவே இழந்த குடல் நோய்க் குழந்தைக்கு, எடுப்பது மூன்றாவதைப் பணயம் வைப்பதாகலாம். வழிகாட்டிகள் கிருமியின் பெயரைக் கேட்கின்றன. எஞ்சியிருக்கும் சிரைகளின் எண்ணிக்கையை அந்த அளவுக்குக் கேட்பதில்லை. இதை இன்றைய வழிகாட்டிகளின் முதன்மைக் குறையாகச் சொல்லலாம்.

லாக் மருந்துகளின் ஏற்ற இறக்கம்

வந்த தொற்றைக் குணப்படுத்த வந்த லாக், வராமல் தடுக்கவும் பயன்படத் தொடங்கியது. ஆன்டிபயாடிக்கைத் தினமும் குழாயில் வைத்தால் எதிர்ப்பு வளரும் என்ற அச்சத்தால் கவனம் 70 சதவீத எத்தனாலுக்கும் டாரோலிடினுக்கும் திரும்பியது.

எத்தனாலின் கதை ஓர் எச்சரிக்கை. குடல் செயலிழந்த குழந்தைகளில் அது தொற்றை நன்றாகக் குறைத்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலானவை முன்பின் ஒப்பீடுகள். நெதர்லாந்தில் புற்றுநோய்க் குழந்தைகளிடம் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. அதிலும் தொற்று குறைந்தது. ஆனால் ஏற்கெனவே வந்த தொற்றைக் குணப்படுத்தவும் மீண்டும் வராமல் தடுக்கவும் எத்தனாலைச் சோதித்து அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை; குழாய் அடைப்பு அதிகமானது. பாலியூரித்தேன் குழாய்களை எத்தனால் பலவீனமாக்கக்கூடும் என்ற கவலையும் உண்டு. முடிவு எந்தக் குழந்தை, எந்தக் குழாய், எந்த நோக்கம் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இடமில்லை.

சந்தையும் இதில் புகுந்தது. 2018-இல் அமெரிக்காவில் ஊசி வழி எத்தனால் ஒரு இதயத் தசை நோய்க்கான மருந்தாக அனுமதி பெற்றதும், மற்றத் தயாரிப்புகள் விலகி, விலை பன்மடங்கு ஏறியது. ஊட்டக் குழாயோடு வீட்டிலிருந்த குழந்தைகள் பலர் லாக்கைக் கைவிட வேண்டியதாயிற்று.

டாரோலிடின் ஐரோப்பாவில் நெடுநாள் பழக்கம். அமெரிக்காவில், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினோடு சேர்ந்து 2023-இல் அனுமதி பெற்றது, அதுவும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளில் அதன் பயன் பற்றிய நம்பிக்கை சான்றைவிடச் சற்று முன்னே ஓடுகிறது.

தோலைத் துடைக்கும் பக்கமும் இதே நிலைதான். தினமும் குளோர்ஹெக்சிடினால் உடம்பைத் துடைப்பது தீவிர சிகிச்சைக் குழந்தைகளில் பலன் தரலாம் என்று 2013-இல் வெளியான ஆய்வு கோடிகாட்டியது. புற்றுநோய், மஜ்ஜை மாற்றுக் குழந்தைகளில் பிறகு நடந்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆன்டிபயாடிக் பூசிய குழாய் தீவிர சிகிச்சையில் ரத்தத் தொற்றைக் குறைத்ததாகப் பிரிட்டனில் 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்தூறிய மெல்லிய குழாய் பச்சிளங்குழந்தைகளுக்கு உதவவில்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு சொன்னது. இரண்டுமே குறுகியகாலக் குழாய்களைப் பற்றியவை. மாதக்கணக்கில் நிற்கும் குழாய்க்கு அவற்றை நீட்டிப் பொருள் கொள்வது தவறு.

உறைகட்டி: ஓசையில்லாத சிக்கல்

தொற்று காய்ச்சலோடு அறிவித்து வரும். உறைகட்டி பெரும்பாலும் அறிவிக்காமலே வரும். அதனாலேயே அது நெடுங்காலம் குறைத்து மதிப்பிடப்பட்டது.

ஆரோக்கியமான குழந்தைக்குச் சிரை உறைவு அரிது. வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மையச் சிரைக் குழாய் இருக்கிறது என்பதை 1990-களில் கனடாவின் பதிவேடு காட்டியது. காரணம் ஓரளவு கணக்கு. நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள சிரைக்குள் நான்கு ஃபிரெஞ்ச் அளவுக் குழாய், அதாவது 1.3 மில்லிமீட்டர், நுழைந்தால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ரத்த ஓட்டம் தளரும்; சுவர் உரசும். அதோடு நோயும் மருந்தும் சேர்கின்றன. லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயின் தொடக்கச் சிகிச்சையில் தரும் அஸ்பராஜினேஸ், உறைவைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் புரதத்தைக் குறைக்கிறது. ஸ்டீராய்டு உறையும் போக்கைக் கூட்டுகிறது. குழாயும் அதே வாரங்களில்தான் பொருத்தப்படுகிறது.

எத்தனை குழந்தைகளுக்கு உறைகட்டி வருகிறது? எப்படித் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது பதில். அறிகுறி வந்தவர்களை மட்டும் எண்ணினால் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் நிற்கிறது. அஸ்பராஜினேஸ் பெறும் குழந்தைகள் எல்லாரையும் படமெடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 60 பேரில் 22 பேருக்கு உறைகட்டி இருந்தது. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. படமெடுக்கும் முறையும் ஏமாற்றும். அல்ட்ராசவுண்ட் கழுத்துச் சிரைக் கட்டியை நன்றாகக் காட்டும். மார்புக்கூட்டுக்குள் இருப்பதைத் தவறவிடும். சாயம் செலுத்தி எடுக்கும் படம் நேர்மாறு.

இங்கே கருத்து இரண்டாகப் பிரிகிறது. அறிகுறியில்லாத கட்டிக்கு மருந்து தேவையில்லை, பல தானாகக் கரையும், ரத்தம் மெலிய மருந்து கொடுத்தால் தட்டணு குறைந்த குழந்தைக்கு ரத்தக்கசிவு ஆபத்து என்பது ஒரு தரப்பு. அறிகுறி இல்லை என்பதால் சேதம் இல்லை என்றாகாது, கிளைச் சிரைகள் பெருத்து ஓட்டத்தை ஏற்றுக்கொள்வதால்தான் கை வீங்கவில்லை, அடுத்த குழாய் வைக்கப் போகும்போது சிரை மூடியிருப்பது தெரியும் என்பது மறுதரப்பு. முதல் தரப்பின் வாதம் ஓரிரு ஆண்டுகளுக்குச் சரி. மறுதரப்பின் வாதத்தை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இருபது, முப்பது ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அப்படிப்பட்ட ஆய்வுகள் மிகக் குறைவு.

தடுப்பு மருந்துச் சோதனைகள் இதுவரை தெளிவான தீர்ப்புத் தரவில்லை. குறைமூலக்கூறு ஹெப்பாரினைச் சோதித்து 2003-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, போதிய குழந்தைகள் சேராததால் முன்கூட்டியே நின்றது. இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் 512 பேரிடம் அபிக்ஸபானைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில் உறைவு 18 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தும், அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. உடல் பருமனான குழந்தைகளுக்குப் பலன் இருக்கலாம் என்ற குறிப்பு அதில் உண்டு. உட்பிரிவில் தெரிந்ததைக் கொண்டு எல்லாருக்கும் மருந்து எழுதுவது அவசரம்.

வந்த கட்டிக்கான சிகிச்சையில் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. குறிப்பிட்ட காரணத்தால் வந்த உறைவுக்கு, கட்டி ஆறு வாரத்தில் சிரையை முழுதாக அடைக்காத நிலையில், மூன்று மாத மருந்துக்கு ஆறு வாரம் குறைந்ததல்ல என்று 2022-இல் வெளியான ஆய்வு சொன்னது. பொருத்திய குழாய்களே இளையோரிடம் உறைவுக்கு முதன்மைக் காரணம் என்பதால் இது பெரிய நிம்மதி.

அடைப்பு, நழுவல், உடைப்பு

இவற்றில் சர்ச்சை குறைவு, கவனக்குறைவு அதிகம். குழாயைச் சுற்றி ஃபைப்ரின் உறை சில நாட்களிலேயே படரத் தொடங்கும். அது முனையில் கதவுபோல் மூடினால் மருந்து உள்ளே போகும், ரத்தம் வெளியே வராது. உறைவால் வந்த அடைப்புக்குக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ். கால்சியம்-பாஸ்பேட் படிவுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஃபெனிடாயின் போன்ற காரமருந்துப் படிவுக்கு சோடியம் பைகார்பனேட். கொழுப்புப் படிவுக்கு எத்தனால். கடைசியாக என்ன மருந்து ஓடியது என்று கேட்காமல் எல்லாவற்றுக்கும் ஆல்டிபிளேஸ் தருவது வழக்கமான தவறு.

அடைப்பைத் தடுக்க ஹெப்பாரினா, வெறும் உப்புநீரா என்பதற்கு நீண்டநாள் குழாய் வைத்த குழந்தைகளில் போதிய சான்றில்லை என்றே திறனாய்வுகள் திரும்பத் திரும்ப முடிக்கின்றன. ஹெப்பாரின் தீங்கற்றது என்ற நினைப்பு தவறு. 2006-இல் இண்டியானாபொலிஸில், மில்லிக்கு 10 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பி பயன்பட்டதால் குறைமாதக் குழந்தைகள் மூவர் இறந்தனர். இரண்டு குப்பிகளும் பார்வைக்கு ஒத்திருந்தன.

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் குழாய் நசுங்கி, நாளடைவில் அறுந்து, துண்டு இதயத்துக்குள் போவது அரிது. நடந்தால் கம்பிக் கண்ணி செலுத்தி எடுக்கிறார்கள். குழந்தைகளுக்கே உரிய இன்னொன்று வளர்ச்சி. இரண்டு வயதில் சரியான இடத்தில் இருந்த முனை, குழந்தை உயர உயர மேலே ஏறிவிடுகிறது. குறுகிய, கிளைகள் நிறைந்த சிரையில் முனை உரசும்போது உறைவு கூடுகிறது. பல ஆண்டு இருந்த குழாய் சிரைச் சுவரோடு ஒட்டிச் சுண்ணாம்பேறி, எடுக்கும்போது அறுந்து ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. துண்டை விட்டுவிடலாமா, எடுத்தே தீர வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. அறிகுறியற்ற துண்டை விட்டுவிடுவோர்தான் அதிகம்.

எந்தக் குழாய்?

வெளியே தொங்கும் குழாயைவிடப் போர்ட்டில் தொற்று குறைவு என்பது 1980-களிலிருந்தே பல ஆய்வுகள் சொல்வது. ஆனால் மிக நோயுற்ற, தினமும் குழாய் தேவைப்படும் குழந்தைக்கே வெளிக்குழாய் வைக்கிறார்கள். குழந்தைகளில் அந்தச் சாய்வை முழுதாக நீக்கிய ஆய்வுகள் அரிது. பிக் லைன் விஷயத்தில் சான்று உறுதியாகிறது: மயக்க மருந்து குறைவு, பொருத்துவது எளிது என்ற வசதிக்கு ஈடாக, உறைவும் தொற்றும் சுரங்கக் குழாயைவிட அதிகம் என்று 2020-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. ஓரிரு வாரச் சிகிச்சைக்கு அது பொருந்தும். ஆறு மாதத்துக்கு அதையே நீட்டுவது வசதிக்காகச் சிரையை விலை கொடுப்பது.

நம் நாட்டுச் சூழலில் வேறு கணக்குகளும் சேர்கின்றன. போர்ட்டின் விலை முடிவைத் தீர்மானிக்கும் குடும்பங்கள் ஏராளம். இந்திய மருத்துவமனைகளில் குழாய்த் தொற்றில் க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளின் பங்கு பெரியது. அவற்றில் பல வலிமையான மருந்துகளுக்கும் அடங்காதவை. தோல் கிருமியை மனத்தில் வைத்து எழுதிய மேற்கத்திய லாக் நெறிகள் இங்கே அப்படியே பொருந்தா. சொட்டுநீர்ப் பாட்டிலில் காற்று புக ஊசி குத்தும் பழக்கமும் கிருமிக்கு ஒரு வழி. காற்று நுழையாமல் தானே சுருங்கும் பைகளுக்கு மாறியபோது ரத்தத் தொற்று குறைந்ததை ரோஸந்தாலும் மாக்கியும் தென் அமெரிக்காவில் 2004-இலேயே காட்டினார்கள். விலை உயர்ந்த லாக் மருந்தைப் பற்றிப் பேசுமுன் அந்த ஊசியைப் பற்றிப் பேசுவது பயனுள்ளது.

போர்ட்டை நான்கு வாரத்துக்கு ஒருமுறை அலசும் வழக்கமும் மறுபார்வைக்குரியது. பெரியவர்களில் மூன்று மாத இடைவெளி பாதுகாப்பானது என்று ஆய்வுகள் சொல்கின்றன. குழந்தைகளில் சான்று மெலிது. திருவண்ணாமலையிலோ ராமநாதபுரத்திலோ இருந்து அலசலுக்காக மட்டும் சென்னைக்கோ வேலூருக்கோ வரும் குடும்பத்துக்கு அந்த இடைவெளி ஒரு நாள் கூலியும் இரவுப் பேருந்தும்.

தீராதவை

சிக்கல்களின் பெரும்பகுதிக்குப் பொருளைவிடக் கையாளுதலே காரணம் என்பது தொற்றில் ஏறக்குறைய நிலைபெற்ற முடிவு. குடல்வழித் தொற்று அதற்கு வெளியே நிற்கிறது. உறைவில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே குழாயின் பருமனும், முனையின் இடமும், நோயும், மருந்தும் ஒன்றாகச் செயல்படுகின்றன. யாருக்குத் தடுப்பு மருந்து வேண்டும், அறிகுறியில்லாத கட்டியைத் தேட வேண்டுமா, டாரோலிடின் குழந்தைகளில் எந்த அளவு உதவும் என்ற மூன்றும் திறந்தே இருக்கின்றன.

இவற்றைவிட அடிப்படையான குறை அளவுகோலில் இருக்கிறது. ஆயிரம் குழாய்-நாளுக்கு இத்தனை தொற்று என்ற கணக்கு மருத்துவமனைகளை ஒப்பிட உதவும். ஒரு குழந்தைக்கு ஆயிரம் நாளில் மூன்று தொற்று வந்து மூன்று குழாய் மாற்றி இரண்டு சிரை மூடிப்போனதையும், மொத்தம் ஆயிரம் நாள் குழாய் இருந்த பத்துக் குழந்தைகளில் மூவருக்கு ஆளுக்கு ஒரு தொற்று வந்து போனதையும் அது ஒன்றாகவே காட்டும். குடல் செயலிழந்த குழந்தையைக் குடல் மாற்றுக்குப் பட்டியலிடும் காரணங்களில் சிரை வழிகள் தீர்ந்துபோவதும் ஒன்று. மேல் உடலின் நான்கு பெருஞ்சிரைகளில் மூன்றை இழப்பது 2019-இல் திருத்திய அளவுகோலில் இடம்பெறுகிறது. அந்த இழப்பை முதல் சிரை போன நாளிலிருந்தே எண்ணும் பழக்கம் பெரும்பாலான பிரிவுகளில் இல்லை. மூன்று வயதில் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் ஐம்பது வயதில் டயாலிசிஸுக்கு வரும்போது, எந்தச் சிரை மூடியிருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு காகிதமும் இருக்காது.

இதைத் தொடங்க புதிய மருந்து வேண்டியதில்லை, பெரிய ஆய்வும் வேண்டியதில்லை. எந்தச் சிரை, எந்தப் பக்கம், குழாயின் பருமன், வைத்த தேதி, எடுத்த தேதி, எடுத்த காரணம், எடுத்தபின் சிரை திறந்திருந்ததா என்ற ஏழு விவரங்களை ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சுருக்கத்திலும் எழுத வேண்டும். பெற்றோரும் அதைக் கேட்டு வாங்கிக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு பத்திரப்படுத்த வேண்டும்.